மைக் மூடியே இருக்கட்டும், சாமி

சாமி,

நேற்று சாயங்காலம் வாசல் குழாயடியில் நின்று உங்கப்பாவிடம் நீ சொன்னது எனக்குத் தெரியும். தறி ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா பட்டறைக்குள் இருக்கிறாள், அவளுக்குத்தான் காதும் கேட்காதே என்று தைரியமாகப் பேசினாய். ஆனால் முகத்தைப் பட்டறை ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொண்டு பேசினாய் பார், அங்கேதான் கோட்டை விட்டாய். "நான் போகலீங்கப்பா. அம்மாவ இப்புடி உட்டுட்டு அஸ்ஸாமுக்குப் போயி என்னங்க பண்றது? போன் பண்ணுனாக்கூட அவங்களுக்குக் கேக்காது. வேலைக்கு வரலைன்னு எழுதி அனுப்பிச்சர்றேன்" என்றாய். உங்கப்பா என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை, அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலையை ஆட்டிய விதத்தைப் பார்த்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பார். தறிக்காரி வயிற்றில் பிறந்துவிட்டு, தறிக்காரி கண் முன்னாலேயே ரகசியம் பேசலாம் என்று நினைத்தாயே, உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்தார்கள் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அப்போதே வெளியே வந்து சண்டை பிடித்திருப்பேன். ஆனால் உன்னைப் பற்றித் தெரியாதா? நேரில் பேசினால் "சரிங்கம்மா" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டு, பிறகு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். அதனால் எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு லீவு. நீயும் உங்கப்பாவும் எடப்பாடியில் வளைகாப்பு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை, ஆகையால் சீக்கிரம் விடமாட்டேன். வேலையில் சேருகிறாயா இல்லையா என்று நாளைக்குள் நீ சொல்லியாக வேண்டும். அதற்குள் இதைப் படித்துவிடு. பெற்றவள் கடிதம் எழுதினால் புத்திமதி இருக்கும், இதிலும் இருக்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக நன்றி இருக்கிறது. பெற்ற மகனிடம் நன்றி என்று வாயைத் திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுத வெட்கமாக இல்லை.

உனக்குத் தெரிந்த கதையையே மறுபடி சொல்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. இதை உங்கப்பாவும் படிக்கட்டும், நாளைக்கு உனக்கு வாய்க்கப் போகிறவளும் படிக்கட்டும், உன் ஏழு மணி வகுப்புப் பிள்ளைகளும் படிக்கட்டும். எல்லாருக்கும் புரியும்படி முதலிலிருந்தே வருகிறேன். குமாரபாளையத்தில் நம் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் லுங்கியும் துண்டும் ஓடுகிற விசைத்தறிகள். காலையில் ஓட்டிவிட்டால், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் பட்டறையில் யாரும் கத்துவதே இல்லை. உதட்டை அசைத்தால் போதும், நாலு தறி தள்ளி நிற்கிறவள் பதில் சொல்லிவிடுவாள். நூல் அறுந்தது, டீ வந்தது, யார் வீட்டில் யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாம் உதட்டிலேயே நடக்கும். நமக்கு நூல் கொடுக்கிற முதலாளி துணியைப் பார்க்க வந்து நடுவில் நிற்கும்போதே, அவருடைய தொப்பையைப் பற்றி நானும் பக்கத்துத் தறி சரசாவும் பேசிக்கொண்டிருப்போம். அவர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். நாங்களும் மரியாதையாகத் திருப்பிச் சிரிப்போம்.

உனக்குத் தொட்டில் கட்டியது அந்தப் பட்டறை விட்டத்தில்தான். மற்றப் பிள்ளைகள் காதால் பேச்சைக் கற்றுக்கொண்டார்கள், நீ கண்ணால் கற்றுக்கொண்டாய். பசிக்கிறது என்று நீ உதட்டை அசைப்பாய், நான் தறியிலிருந்து பார்த்துவிட்டு இதோ வருகிறேன் என்பேன். இதில் ஒரு குறை இருப்பதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகு டீச்சர் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, உங்க பையனுக்குப் பேச்சு வருமுங்களா?" என்று கேட்டார். "நல்லா வருமுங்க, ஊட்ல வாய மூடறதே இல்லீங்க" என்றேன். அவர் உன் பக்கம் குனிந்து, "உன் பேர் என்ன கண்ணு?" என்றார். நீ அழகாக உதட்டை அசைத்தாய். "அதான் சொல்லிட்டானுங்களே டீச்சர்" என்றேன். அந்த அம்மா என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தமே வரவில்லை என்பது அங்கே நம் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

அதன்பிறகு உன்னை "சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லு" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நீ சத்தம் போட்டால் தறி வீட்டுச் சத்தமாக அது பெரிதாக வந்துவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். மெதுவாகச் சொன்னால் டீச்சர் அதட்டுவார். கடைசியில் உதட்டை அசைப்பதையும் நிறுத்திக்கொண்டாய். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியில் ஒட்டிய பஞ்சுத் தூசியை ஒவ்வொன்றாக எடுப்பாய். நீ தறி வீட்டுப் பையன் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை வகுப்பில் நீ கை தூக்கியதாக ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. படிப்பு மட்டும் குறைவில்லாமல் வந்தது. அப்புறம் ஒருநாள் வந்து நான் வாத்தியாராகப் போகிறேன் என்றாயே, "வாயே தொறக்காதவன் என்ன வாத்தியாரு?" என்று நான்தான் முதலில் கேட்டேன். 

சங்ககிரிப் பக்கம் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தாய். பள்ளி விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பிவிடும். ஒன்பதாம் வகுப்புக்குக் கூடுதலாகச் சொல்லித்தர நேரம் இல்லை என்று ஏழு மணிக்குப் போனில் வகுப்பு வைத்தார்கள். நீ முன்னறையில் வெள்ளைப் பலகையை மாட்டி, லேப்டாப்பை எதிரில் வைத்துப் பாடம் நடத்துவாய். நான் தறிக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே உன்னைப் பார்ப்பேன். திரையில் முகமே இருக்காது, வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள்தான். "இருக்கறீங்களா கண்ணுகளா? ஒருத்தராச்சும் பதில் சொல்லுங்க" என்று நீ கேட்பது உன் உதட்டில் தெரியும். பதில் வரவில்லை என்பது உன் தோளில் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது போல, ஒரு வகுப்பே உன் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒருநாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "எனக்கு இந்த வேலை ஒத்து வராதுங்கம்மா. ஏதாச்சும் மில்லுல கணக்கு எழுதப் போயிர்றேன்" என்றாய். 

அந்த வாரத்தில்தான் ஹரிணி வந்தாள். அதாவது, தினமும் வந்துகொண்டுதான் இருந்தாள், அன்றைக்குத்தான் கேமராவைத் திறந்தாள். "முகத்தையாச்சும் காட்டுங்க கண்ணு, நான் செவுத்துக்குப் பாடம் நடத்தற மாதிரி இருக்குது" என்று நீ கெஞ்சியதில் அவளுக்கு மனசு இளகியிருக்கும். எடப்பாடிப் பெண், அவள் வீடும் நம் வீடு மாதிரிதான். பின்னால் தறி ஓடுகிறது, தலையில் பஞ்சு, மடியில் நூல்கண்டு. மைக் மூடியிருந்தது. நீ பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினாய். நான் வேகவைத்த கடலையை உனக்குக் கொடுக்க வந்து கதவருகே நின்றேன். அவள் உதடு அசைந்தது, மூன்று விரலையும் காட்டினாள். நீ மார்க்கரைக் கீழே வைத்தாய். இத்தனை நாளும் பலகைப் பக்கம் திரும்பியே நின்றிருக்கிறோமே என்று அப்போதுதான் உனக்கு உறைத்தது போல. குரலே எழுப்பாமல் உதட்டால் கேட்டாய்: "மைனஸ் மூணா? சரிதான். எப்புடி வந்துச்சு?"

அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்ததைப் போல நானும் பார்த்தேன். முதலில் யாரோ தன்னை ஒளிந்திருந்து பார்த்துவிட்டது போலத் திடுக்கிட்டாள். இடதும் வலதும் பார்த்தாள். அப்புறம் முழுக் கணக்கையும் ஒரு வரி விடாமல் உதட்டிலேயே சொல்லி முடித்தாள். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஹரிணி விடை சொல்லிட்டா. எப்புடின்னும் சொல்லிட்டா. இப்ப நான் அவ சொன்னதத்தான் எழுதறேன்" என்று பலகைக்குத் திரும்பினாய். திரும்புவதற்கு முன்னால் கதவருகே நின்ற என்னைப் பார்த்து உதட்டால், "தறி ஊட்டுப் புள்ளைங்கம்மா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. கடலையை அங்கேயே வைத்துவிட்டு நான் தறிக்குப் போய்விட்டேன். எனக்கும் கலங்கியதை நீ பார்க்க வேண்டாம் என்றுதான்.

அதன்பிறகு நீ ஒருவரிடமும் மைக்கைத் திற என்று சொல்லவே இல்லை. உதட்டால் சொல்கிறவர்கள் உதட்டால் சொல்லலாம், விரலைக் காட்டுகிறவர்கள் விரலைக் காட்டலாம், தாளில் எழுதிப் பிடிக்கலாம் என்றாய். ஒரு பையன் உனக்கு மட்டும் தெரியும்படி விடையை எழுதி அனுப்புவான். அவன் பெயரைச் சொல்லாமல், "நம்மள்ல ஒருத்தரு இப்புடிப் போட்டிருக்கறாரு, பாருங்க, நல்லா இருக்குது" என்று நீ எல்லாருக்கும் காட்டுவாய். நீ இப்படியே காட்டிக் காட்டி, ஒருநாள் அவனே தாங்க முடியாமல், "சார், அது நான்தான் சார்" என்று கத்திவிட்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பெரிய வகுப்பில் பேசக் கூசுகிறவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, அதே போனிலேயே தனித்தனி அறை மாதிரி விட்டுக் கணக்குப் போடச் சொன்னாய், அங்கே பேச ஆரம்பித்தவர்கள் மெல்ல மெல்ல இங்கேயும் பேசினார்கள். கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக முகமாக மாறியதை நான் அடுப்பங்கரைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மில்லில் கணக்கு எழுதுகிற பேச்சை நீ அப்புறம் எடுக்கவே இல்லை.

ஹரிணி மைக்கைத் திறந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் பேச வாயைத் திறந்ததும் அவர்கள் வீட்டுத் தறிச் சத்தம் மொத்தமும் வகுப்புக்குள் வந்துவிட்டதாம். நாலைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கி, கை மைக்கை மூடப் போனது. அந்த நேரத்தில் நீ லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் ஓடி வந்தாய். என்னடா இவன், வீட்டில் தீப்பிடித்துவிட்டதா என்று நான் நினைத்தேன். தறிக்கு நடுவில் நின்று, நம் பக்கத்துச் சத்தத்தையும் திறந்துவிட்டு, "எங்க ஊட்லயும் இதே சத்தந்தான் கண்ணுகளா, இவங்கதான் எங்கம்மா" என்று திரையை என் பக்கம் திருப்பினாய். நான் தலையில் பஞ்சோடு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கிறேன். அத்தனை பிள்ளைகளும் கையை ஆட்டின. ஹரிணி சிரித்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தபோது உன் தலையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை நீ தட்டவில்லை, வகுப்பு முடியும் வரை அப்படியே வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாய். பஞ்சை எடுக்கக் கண்ணாடி முன்னால் நின்ற பையன் நினைவுக்கு வந்தான், சாமி. என் வயிறு குளிர்ந்தது அன்றைக்குத்தான்.

இதுவரை எழுதியது உன் கதை. இனி என் கதை. என் காது போய்க்கொண்டிருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். பட்டறைக்குள் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியேதான் கஷ்டம். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் யார் உதட்டைப் பார்ப்பது? ஒருவரைப் பார்த்துத் திரும்புவதற்குள் பேச்சு இன்னொருவரிடம் போய்விடும். அதனால் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், எல்லாரும் உச்சுக் கொட்டும்போது நானும் உச்சுக் கொட்டுவேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், எதிரே உட்கார்ந்தவர்கள் யாருக்கோ உடம்பு முடியாமல் போனதைச் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்து வரிசைச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் சிரித்துத் தொலைத்தேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அன்றிலிருந்து உறவினர் வீட்டு விசேஷம் என்றால், "எனக்குத் தறி கெடக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் அதனால்தான் வரவில்லை, காலையில் உங்களிடம் சொன்ன தலைவலி எல்லாம் பொய். காது மெஷின் வாங்கிக் கொடுத்தாய். அதைப் போட்டால் தறிச் சத்தம் இன்னும் பெரிதாகத் தலைக்குள் இடிக்கிறது, பேச்சு மட்டும் தெளியவில்லை. அது டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

நடுவில் அரசுப் பள்ளி வேலைக்கும் பரீட்சை எழுதியிருந்தாய். அதற்குச் சென்னையில் இன்டர்வியூ முடிந்து கொஞ்ச நாள் கழித்து, நீ வெளியூரிலிருந்து போன் செய்தாய். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. எப்போதும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும், வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, "வாரப்ப ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வா சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அஸ்ஸாமில் மத்திய அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது என்று முதல் ஆளாக எனக்குச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாய். நீ ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் தக்காளியோடு வந்தாய். பையைக் கீழே வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, மெதுவாக உதட்டால் சொன்னாய்: "அம்மா, எனக்கு கவர்மெண்டு வேலை கெடச்சிருச்சுங்க." சந்தோஷம் தாங்காமல் உன் கன்னத்தை வழித்து முத்தம் வைத்தேன். உன் கண்ணில் மட்டும் சந்தோஷத்தோடு வேறொன்றும் இருந்தது. தக்காளிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் என் போனை வாங்கி எதையெதையோ அமுக்கிவிட்டு, "ஏழு மணிக்கு நீங்களும் கிளாசுக்கு வாங்கம்மா" என்றாய். "எனக்கெதுக்குடா கணக்கு, இனி நான் பரீட்சை எழுதி என்ன கலெக்டராவா ஆகப் போறேன்?" என்று கத்தினேன். நீ விடவில்லை. பட்டறையில் தறி ஓட, ஜன்னல் கட்டையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கேமராவைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நீயும் என்னைத் திறக்கச் சொல்லவில்லை. ரெண்டு மூன்று நாள் சும்மா பார்த்தேன். அப்புறம்தான் திறந்தேன். பிள்ளைகள் எல்லாம் மைக்கை மூடிக்கொண்டு, உதட்டை நன்றாக அசைத்து, "வாங்கம்மா" என்றார்கள்.

சாமி, அந்த வகுப்பில் எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ஒவ்வொருவர் முகமும் நேராக என்னைப் பார்த்து இருக்கிறது. எல்லார் முகத்திலும் வெளிச்சம் இருக்கிறது. ஒருவர் பேசும்போது அவருடைய கட்டத்தைச் சுற்றிக் கோடு எரிகிறது, யார் பேசுகிறார் என்று தேட வேண்டியதில்லை. சில நேரம் படம் உறைந்து, நீ வாயைப் பிளந்தபடி நின்றுவிடுவாய், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மற்ற நேரம் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. ஒருநாள் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நான் உதட்டால் தப்பாக விடை சொன்னேன். பக்கத்துக் கட்டத்துப் பையன், "அம்மா, அது போன கணக்கோட விடைங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு பேர் சிரிக்கிற இடத்தில், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்து நானும் சேர்ந்து சிரித்து எத்தனை வருஷமாகிவிட்டது. தறியை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நூல் அறுந்துவிட்டதோ என்று உங்கப்பா ஸ்பேனரோடு வந்து நின்றார். "போங்க, ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டேன்.

இதற்குத்தான் நன்றி. பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டும் என்று நீ ஒரு வகுப்பு வைத்தாய், அதில் உன் அம்மாவும் ஒரு பிள்ளையாக வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான் உனக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்தேன், அதில் சத்தத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். நீ அதே சத்தமில்லாத பேச்சை எடுத்துப் போய் ஒரு வகுப்பையே நிமிர்த்திவிட்டு, எனக்கும் ஒரு இடம் போட்டுக் கொடுத்தாய். போன வாரம் சரசா வீட்டுச் சீருக்குப் போய், "எம்பக்கம் திரும்பிப் பேசுங்க, எனக்குக் காது கேக்காது" என்று நானே எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் என்னைத் தின்றுவிடவில்லை. திரும்பிப் பேசினார்கள். எடப்பாடிக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அங்கே கூட்டம் அதிகம். அடுத்த விசேஷத்துக்கு வருவேன்.

இனி நேற்றைய வகுப்புக்கு வருகிறேன். குழாயடியில் உங்கப்பாவிடம் பேசிவிட்டு வந்து நீ ஏழு மணிக்கு உட்கார்ந்தாய். நானும் ஜன்னல் கட்டையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி. "கண்ணுகளா, சார் எங்கயும் போகல. பத்தாம் வகுப்பு முடியற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்" என்றாய். அஸ்ஸாம் வேலை விஷயம் அவர்களுக்கு முன்பே தெரியும், அதனால் பிள்ளைகள் கை தட்டும் என்று எதிர்பார்த்திருப்பாய். ஒன்றும் தட்டவில்லை. நீ பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கை எழுத ஆரம்பித்தாய். அந்த நேரத்தில் உன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஹரிணி மைக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். உதட்டால் கேட்டாள்: "அம்மா, சார் உங்களுக்காகத்தான் போகலீங்களா?" நான் தலையை ஆட்டினேன். மற்றப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அனுப்பி வெய்ங்கம்மா" என்றாள். "நீங்க என்ன கண்ணு பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "எங்களுக்குத்தான் இப்பப் பேச வந்துருச்சுங்களே" என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். "அங்க இருக்கற புள்ளைங்களும் மைக்கை மூடித்தான வெச்சிருக்கும்."

நீ திரும்பினாய். எல்லாரும் நோட்டைப் பார்த்து எழுதுகிற மாதிரி நடித்தார்கள். முதலாளி நடுவில் நிற்கும்போதே அவரைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வோமே, அதே வித்தைதான். உன் வகுப்பு உன் கண் முன்னாலேயே உன்னை ஏமாற்றும் அளவுக்குத் தேறிவிட்டது, அதற்காகவாவது நீ பெருமைப்படு.

புத்திமதியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அங்கே பாஷை தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள், உனக்கும் அவர்கள் பாஷை தெரியாது. எந்தப் பிள்ளையையும் சத்தமாகப் பேசு என்று அதட்டாதே. பலகையில் எழுதிவிட்டு உடனே திரும்பு, யாராவது ஒருவர் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். குளிருக்கு ஸ்வெட்டர் போதாது, போர்வையும் எடுத்துக்கொள். மீசையை மழித்துவிடு, அது மேலுதட்டை மறைக்கிறது, உன் பேச்சில் பாதியை நான் அதனால்தான் ஊகித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எனக்காக நீ போகவில்லை என்றால், நான் மறுபடி கறுப்புக் கட்டத்துக்குள் போய்விட்டேன் என்று அர்த்தம். அதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாளைக் காலையில் சேருகிறேன் என்று எழுதி அனுப்பு. அங்கே போய்ச் சேர்ந்த அன்றைக்கு ஏழு மணிக்குக் கூப்பிடு. கேமராவைத் திற. வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். மைக் மூடியே இருக்கட்டும், சாமி. தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும், நான் நிறுத்தப் போவதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன், சொல்லு.

இப்படிக்கு,
உன் வகுப்பில் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருக்கும்
அம்மா